ஆழ்கடல் சொற்களைப் பிரித்துப் படிப்பது எப்படி

கடலியல் கட்டுரை எதைத் திறந்தாலும் மீசோபெலாஜிக், பாத்தியல், அபிசல், ஹேடல் என்று சொற்கள் வரிசைகட்டி நிற்கும். அகராதியைப் புரட்டினால் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு ‘ஆழ்கடல் சார்ந்த’ என்ற ஒரே பொருள்தான் கிடைக்கும். அது தவறில்லை, ஆனால் உதவாது. 300 மீட்டரில் நீந்தும் மீனும், 5,000 மீட்டரில் சேற்றில் ஊர்ந்து திரியும் கடல்வெள்ளரியும் ஒரே வீட்டில் குடியிருப்பதுபோல் ஆகிவிடும்.

இச்சொற்கள் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல உண்டானவை. நீரிலா, தரையிலா? கரையை ஒட்டியா, தொலைவிலா? எவ்வளவு ஆழத்தில்? ஒரு சொல் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுக்கோ இரண்டுக்கோதான் விடை தரும். மீதியை அது சொல்வதாக நாமே கற்பித்துக்கொள்ளும்போதுதான் பிழை வருகிறது. ஆகவே படிக்கும் வரிசை இது: எந்தக் கேள்விக்கான சொல் என்று முதலில் பாருங்கள், பிறகு வேரைப் பாருங்கள், ஆழத்தின் எண்ணைக் கடைசியில் தேடுங்கள். வேர், பொருளை மனத்தில் நிறுத்தும். எண்ணை அதனிடம் கேட்கக்கூடாது.

பின்பாதியிலிருந்து தொடங்குங்கள்

கூட்டுச்சொல்லின் வால்தான் முதல் கேள்விக்கு விடை. ‘பெலாஜிக்’ என்று முடிந்தால் நீர். ‘பெந்திக்’ என்று முடிந்தால் தரை.

கிரேக்கத்தில் கடலுக்குப் பல சொற்கள் உண்டு. தலாசா பொதுவான கடல். ஹால்ஸ் என்றால் உப்பு, அதனால் கடலும். பொன்டோஸ் கடலை வழியாகப் பார்க்கும் சொல். வடமொழியில் பாதையைக் குறிக்கும் ‘பந்தா’வும் அதுவும் ஒரே வேர். பெலாகோஸ் என்பது கரை தெரியாத, விரிந்த கடல். பெலாஜிக் இதிலிருந்து வந்தது. ‘பரவு’ என்பதிலிருந்து ‘பரவை’ என்று கடலுக்குப் பெயர் வைத்த தமிழுக்கு இந்தக் கருத்து புதிதல்ல. ஆர்க்கிபெலாகோ என்ற சொல்லிலும் இதே பெலாகோஸ்தான் இருக்கிறது. அது முதலில் ஏஜியன் கடலின் பெயர். அந்தக் கடல் முழுக்கத் தீவுகள் என்பதால், நாளடைவில் தீவுக்கூட்டம் எதற்கும் பெயராகிவிட்டது. வேர்ப்பொருளை மட்டும் பிடித்துக்கொண்டால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை: சொல்லுக்குள் ‘கடல்’ இருக்கிறது, பொருளோ நிலம்.

இன்றைய கடலியலில் பெலாஜிக் என்றால் தரையைத் தொடாத நீர்ப்பகுதி முழுவதும். கரையிலிருந்து 2 கிலோமீட்டரில், 30 மீட்டர் ஆழக் கடலில், தரைக்கு மேலே திரியும் மத்தியும் பெலாஜிக் மீன்தான். ‘பெலாஜிக் மீன்’ என்பதை ‘நடுக்கடல் மீன்’ என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை.

பெந்திக் வந்தது பெந்தோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து. கடலின் ஆழம் என்று பொருள். கடலடி உயிர்களைக் குறிக்க அதை 1890இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். இங்கேயும் வேர் ஏமாற்றும். ‘ஆழம்’ என்று பிறந்த சொல் இன்று தரையை மட்டுமே குறிக்கிறது. முழங்கால் அளவு நீரில் மணலில் புதைந்திருக்கும் சிப்பியும் பெந்திக் உயிரியே.

இவற்றுக்கு நடுவே டிமெர்சல் என்ற சொல் வரும். லத்தீனில் ‘டிமெர்கெரே’ என்றால் அமிழ்த்துதல். தரையிலேயே கிடக்கும் உயிரிக்குப் பெந்திக், தரையை ஒட்டி நீந்தி அங்கேயே இரை தேடும் மீனுக்கு டிமெர்சல் என்று பிரித்துக்கொள்ளலாம். பெந்தோபெலாஜிக் என்று இரண்டையும் ஒட்டவைத்த சொல்லைப் பார்த்து மலைக்க வேண்டாம்; தரையருகேயும் அதற்கு மேலுள்ள நீரிலும் மாறிமாறி உலவுவது என்று பொருள்.

‘அல்’ என முடியும் தனிச்சொற்கள், அதாவது பாத்தியல், அபிசல் ஆகியவை, கவனமாக எழுதப்பட்ட நூல்களில் தரையின் மண்டலங்கள். அதே ஆழத்து நீருக்குப் பாத்திபெலாஜிக், அபிசோபெலாஜிக் என்று வால் சேரும். ஹேடல் மட்டும் இரண்டுக்கும் வழங்குகிறது.

கரையிலிருந்து எவ்வளவு தூரம்

இரண்டாம் கேள்விக்கு இரண்டே சொற்கள். கண்டத்தின் தொடர்ச்சியாகக் கடலுக்கடியில் நீளும் ஆழம் குறைந்த மேடை கண்டத்திட்டு. அதன் மேல் நிற்கும் நீர் நெரிட்டிக். திட்டின் விளிம்பைத் தாண்டியது ஓஷனிக். ஓஷனிக்கின் மூலமான ஓக்கியானோஸ், பழைய கிரேக்கர் கற்பனையில் உலகத்தைச் சுற்றி ஓடிய பேராறு. ஆறாகத் தொடங்கிய சொல் பெருங்கடலாகி நிற்கிறது.

எல்லை கிலோமீட்டரில் இல்லை, திட்டின் விளிம்பில் இருக்கிறது. திட்டு அகலமான இடத்தில் கரையை விட்டு 200 கிலோமீட்டர் போனாலும் நெரிட்டிக். திட்டே இல்லாத எரிமலைத் தீவில் சில கிலோமீட்டரிலேயே ஓஷனிக். நூல்கள் 200 மீட்டர் ஆழக்கோட்டை எல்லையாகக் காட்டுவது வசதிக்காக. திட்டின் விளிம்பு சராசரியாக 130 மீட்டர் அளவில்தான் இருக்கிறது.

ஆழத்தின் முன்னொட்டுகள்

இனி சொல்லின் தலை. நீர்ப்பகுதிக்குப் பரவலாக வழங்கும் அளவுகள்:

எபிபெலாஜிக்: 0–200 மீட்டர்
மீசோபெலாஜிக்: 200–1,000
பாத்திபெலாஜிக்: 1,000–4,000
அபிசோபெலாஜிக்: 4,000–6,000
ஹேடல்: 6,000க்குக் கீழே, கடலடி அகழிகளின் (நீண்ட, குறுகிய பெரும்பள்ளங்களின்) அடிவரை

‘எபி’ என்றால் மேல். ‘மீசோ’ என்றால் இடை. மீசோபெலாஜிக் என்பதைக் கடலின் நட்டநடு ஆழம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெருங்கடலின் சராசரி ஆழம் ஏறக்குறைய 3,700 மீட்டர். மீசோ முடிவதோ 1,000 மீட்டரில். இது ஒளிக்கும் இருளுக்கும் இடை. 200 மீட்டர் வரை ஒளிச்சேர்க்கைக்குப் போதிய வெளிச்சம் இருக்கலாம், அதற்குக் கீழே அந்திபோல் மங்கல், 1,000 மீட்டருக்கு அப்பால் சூரிய ஒளி அறவே இல்லை. முதல் இரண்டு எல்லைகளுக்கும் இப்படி இயற்பியல் காரணம் உண்டு. 4,000 என்பது பெரும்பாலும் மரபு.

‘பாத்தி’ வந்தது பதுஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து: ஆழமான. ஆங்கிலத்தில் குளியலைக் குறிக்கும் ‘பாத்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. அது ஜெர்மானிய வேர். ஆழமளக்கும் கலையான பாத்திமெட்ரி, 1934இல் வில்லியம் பீபியும் ஓட்டிஸ் பார்ட்டனும் 923 மீட்டர் இறங்கிய பாத்திஸ்பியர் என்ற இரும்புருண்டை, 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்காரும் டான் வால்ஷும் பசிபிக்கின் மரியானா அகழியின் அடியைத் தொட்ட டிரியெஸ்ட் என்ற பாத்திஸ்கேப் (ஆழத்தில் இறங்கும் கலம்) எல்லாவற்றிலும் இதே பதுஸ். ஆழம் என்று மட்டும் சொல்லி, எவ்வளவு என்று சொல்லாத முன்னொட்டு இது. அதனால்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் குழப்புகிறது. மீன் தரவுத்தளங்களில் பாத்திபெலாஜிக் என்றால் 1,000 மீட்டருக்குக் கீழான நீர். அதே தரவுத்தளத்தில் பாத்திடிமெர்சல் என்றால் 200 மீட்டருக்குக் கீழே தரையை ஒட்டி வாழ்வது. தலை ஒன்று, தொடக்கம் இரண்டு.

அபிசலும் ஹேடலும் தமிழ் படிப்பவருக்கு ஒரு சலுகை தருகின்றன. அபிசோஸ் என்ற கிரேக்கச் சொல்லில் ‘அ’ இன்மையைக் குறிக்கும் முன்னொட்டு. நாம் அநீதி, அசைவம் என்று சொல்லும்போது வருகிற அதே ‘அ’. ‘பிசோஸ்’ என்றால் அடி. அடியற்றது. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் படைப்பின் தொடக்கத்தில் இருந்த நீராழத்துக்கு இந்தச் சொல்லைத்தான் போட்டார்கள். வடமொழியில் ‘அதலம்’ என்பதன் கட்டமைப்பும் இதுவே: அ + தலம், அடி இல்லாதது. ஹேடல், இறந்தோர் உலகமான ஹேடிஸின் பெயரால் வந்தது. டென்மார்க்கின் கலாத்தியா கப்பல் 1950–52இல் அகழிகளைத் துருவி வந்தபின், அப்பயணத்துக்குத் தலைமை தாங்கிய அன்டன் புரூன் 1956இல் முன்வைத்த சொல். அதற்கு நேரான நம் சொல் பாதாளம். கீழேழு உலகங்களில் அதலம் முதலாவது, பாதாளம் கடைசி. அபிசலுக்குக் கீழேதான் ஹேடல். இந்த வரிசையை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் இரண்டும் இடம் மாறாது.

மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. ‘அடியற்ற’ என்ற வேர்ப்பொருளைப் பார்த்து, அபிசல்தான் ஆழத்தின் எல்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ‘அதலபாதாளம்’ என்று இரண்டையும் சேர்த்தே பேசுகிற நம் பழக்கமும் துணைபோகிறது. உண்மையில் அபிசல் சமவெளி உலகின் மிகப் பரந்த, மிகத் தட்டையான தரைகளில் ஒன்று; 1,000 மீட்டர் நடந்தால் 1 மீட்டர்கூட இறங்காத சரிவு. பெயர்தான் அடியற்றது, ஆள் அடியேதான். மாறாக, ஹேடல் பரப்பில் மிகச் சிறியது, ஆழத்தில் மிகப் பெரியது. மரியானா அகழியின் சேலஞ்சர் பள்ளம் ஏறக்குறைய 10,900 மீட்டர் என்பதால், 6,000க்குக் கீழே இன்னும் 4,900 மீட்டர் இருக்கிறது. செங்குத்தாக அளந்தால் கடலின் ஆழத்தில் கிட்டத்தட்ட பாதி.

இன்னொரு பொறி: சிப்பிகள் பாறையைப் பற்றிக்கொள்ளச் சுரக்கும் நூலுக்கு பிசஸ் என்று பெயர். ஒலி ஒத்திருந்தாலும் அபிசோஸ் என்ற சொல்லோடு தொடர்பில்லை. அது மெல்லிய துணியைக் குறிக்கும் வேறொரு சொல்.

எண்ணைச் சரிபார்க்கும் முறை

தரையின் மண்டலங்களுக்கு உலகம் முழுக்க ஏற்ற ஒரே அட்டவணை கிடையாது. பாத்தியல் சில நூல்களில் 2,000 மீட்டரில் முடியும், சிலவற்றில் 3,000, சிலவற்றில் 4,000. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் 2009இல் வெளியிட்ட வகைப்பாடு பாத்தியலை 300–3,500 என்றும், அபிசலை 3,500–6,500 என்றும், அதற்குக் கீழே ஹேடல் என்றும் பிரிக்கிறது. 3,700 மீட்டரில் கிடைத்த ஓர் உயிரி ஒரு நூலில் பாத்தியல், மற்றொன்றில் அபிசல். இரண்டு ஆசிரியர்களும் சரியே.

ஆகவே மண்டலப் பெயர் வரும் இடத்தில் மீட்டர் கணக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையே எழுதுங்கள். இல்லாவிட்டால் கட்டுரையின் முறைகள் பகுதியில் எந்த வகைப்பாடு என்று தேடுங்கள். அங்கேயும் இல்லையென்றால் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். வேறொரு நூலின் எண்ணைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். மொழிபெயர்ப்பில் எண்பிழைகள் இப்படி ஒட்டுவதாலும் வருகின்றன.

பழைய ஆவணங்களில் அலகும் மாறும். ஃபேதம் என்பது 6 அடி, 1.8288 மீட்டர். பழைய ஆங்கிலத்தில் அச்சொல் விரித்த இரு கைகளின் அணைப்பைக் குறித்தது. ஆழமறியும் கயிற்றை இழுத்து, கை விரித்த அளவால் எண்ணிய வழக்கத்தில் அளவானது. தமிழ் மீனவர் வழக்கில் ‘பாகம்’ என்பதும் இதே கைவிரிப்புதான். பிரிட்டனின் ஆய்வுக் கப்பலான சேலஞ்சர் 1875 மார்ச் 23 அன்று மரியானா அகழியில் 4,475 ஃபேதம் அளந்தது. அதை மீட்டர் என்று வாசித்தால் அபிசல் சமவெளியில் நிற்போம், 1.8288ஆல் பெருக்கினால் 8,184 மீட்டர், நல்ல ஹேடல். பழைய கடல் வரைபடத்தில் அலகு தலைப்பருகே அச்சாகியிருக்கும். எண்ணுக்குக் கீழே வலப்புறம் சிறிய எண் ஒன்று இருந்தால் அது அடிக்கணக்கு: 4க்குக் கீழே சிறிய 3 என்றால் 4 ஃபேதம் 3 அடி, அதாவது 27 அடி. அதை 4.3 என்று படிப்பவர் உண்டு.

பக்கத்தில் வரும் வேறு சொற்கள்

ஃபோட்டிக் என்றால் ஒளியுள்ள, அஃபோட்டிக் என்றால் ஒளியற்ற. மறுபடியும் அதே ‘அ’. இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1843இல் 300 ஃபேதத்துக்குக் கீழே உயிரே இல்லை என்று கருதி அதை அசோயிக் என்றார், ‘சோயே’ உயிர். கருத்து பொய்த்துப்போனது. அந்தப் பொருளில் அச்சொல்லை இப்போது வரலாற்று நூல்களில் மட்டுமே பார்ப்பீர்கள்.

தெர்மோகிளைன், ஹாலோகிளைன், பிக்னோகிளைன் மூன்றிலும் வால் ஒன்றே. கிளினைன் என்றால் சாய்தல். நோயாளி சாய்ந்து படுக்கும் கட்டிலிலிருந்து வந்த கிளினிக்கும் இதே குடும்பம். எனவே தெர்மோகிளைன் என்பது வெப்பமான அடுக்கு இல்லை. ஆழம் கூடக்கூட வெப்பநிலை சட்டெனச் சரியும் அடுக்கு. ஹாலோ உப்பு, பிக்னோ அடர்த்தி.

பிளாங்டன் என்ற பெயரை 1887இல் வைத்தவர் விக்டர் ஹென்சன்; அலைந்து திரிவது என்று பொருள். நீரோட்டத்தை எதிர்த்துப் போக முடியாத எதுவும் பிளாங்டனே, உருவம் கணக்கில்லை. இதை ‘மிதவை நுண்ணுயிரி’ என்று எழுதும்போது பெரிய சொறிமீன்கள் வெளியே விழுந்துவிடுகின்றன. ‘மிதவையுயிரி’ போதும், ‘நுண்’ வேண்டாம். எதிர்த்து நீந்தக்கூடியவை நெக்டன், நீந்துயிரி.

சட்டச் சொற்கள் தனி உலகம். 1982இன் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கைப்படி ஆட்சிக்கடல் கரையின் அடிக்கோட்டிலிருந்து 12 கடல்மைல் வரை போகலாம், தனிப் பொருளாதார மண்டலம் 200 கடல்மைல் வரை, அதாவது 370.4 கிலோமீட்டர். அதற்கப்பால் எந்த நாட்டுக்கும் உரியதல்லாத நீரை ஆங்கிலத்தில் ‘ஹை சீஸ்’ என்பார்கள். ‘உயர்கடல்’ என்று எழுதினால் கேலிக்கூத்து. லத்தீனின் ஆல்ட்டுஸ் உயரத்தையும் ஆழத்தையும் ஒருங்கே குறிக்கும். கரைவிட்ட ஆழநீருக்கு ஆல்ட்டும் என்றே பெயர். அந்த வழக்கின் நிழல் இது. ‘பன்னாட்டுக் கடற்பரப்பு’ என்று எழுதினால் குழப்பமில்லை. கண்டத்திட்டுக்கும் சட்டத்தில் வேறு பொருள்: புவியியல்படி திட்டு 50 கிலோமீட்டரில் முடிந்துவிட்டாலும், கரைநாட்டின் சட்டத்திட்டு 200 கடல்மைல் வரை நீளும். நெரிட்டிக்கை அளக்க இந்தக் கோட்டைப் பயன்படுத்தக்கூடாது.

தமிழில் எழுதும்போது

சிக்கலின் முக்கால் பங்கு ‘ஆழ்கடல்’ என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. மீன்பிடித் தொழிலில் அது கரையிலிருந்து தொலைவைக் குறிக்கிறது. ‘ஆழ்கடல் மீன்பிடிப்பில்’ சிக்கும் வரிச்சூரை பெரும்பாலும் மேல் 200 மீட்டரில் திரிவது. கடலியலில் அது 200 மீட்டருக்குக் கீழுள்ள எல்லாம். பாடநூல்களில் ‘ஆழ்கடல் சமவெளி’ என்றால் அபிசல் தரை மட்டும். ஒரே பத்தியில் மூன்றும் வந்தால் வாசகருக்கு வழியே இல்லை. ‘ஆழ்கடல்’ என்பதை 200 மீட்டருக்குக் கீழான பொதுப்பெயராக மட்டும் வைத்துக்கொண்டு, தொழிலுக்குத் ‘தொலைகடல்’ என்றும், அபிசலுக்கு ‘அதல’ என்றும், ஹேடலுக்குப் ‘பாதாள’ என்றும் பிரிப்பது எங்கள் பரிந்துரை. நீர்ப்பகுதிக்கு ‘நீர்வெளி’, தரைக்குக் ‘கடலடி’. அப்போது அபிசோபெலாஜிக் ‘அதல நீர்வெளி’, அபிசோபெந்திக் ‘அதலக் கடலடி’ என்று சொல்லிலேயே இரண்டு விடைகளும் தெரியும். முதல் முறை வரும்போது கிரேக்கப் பெயரைத் தமிழெழுத்தில் எழுதி, மீட்டர் கணக்கையும் சேர்த்துவிடுங்கள். பிறகு தமிழ்ப்பெயரே போதும்.

பழந்தமிழ்ச் சொற்களைக் கலைச்சொல்லாக்கும் ஆசை எழும். ஆழி, பரவை, முந்நீர், பௌவம், ஆர்கலி, புணரி, உவரி எல்லாம் அழகானவை. ஆனால் அவை ஆழத்தைப் பிரித்துக் காட்டப் பிறந்தவை அல்ல. ஆர்கலி இரைச்சலையும், உவரி உவர்ப்பையும் பார்த்து எழுந்த பெயர்கள். ஆர்கலியை பாத்தியலுக்குப் பெயராக்கினால், ஒலியே இல்லாத வேருக்கு ஒலியைப் பூசுகிறோம். ‘ஆழி’ ஆழத்தோடு சேர்ந்து நின்றாலும் சக்கரம், மோதிரம் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. தனியாக விட்டால் தடுமாறும்.

பிரித்தாலும் ஒன்றும் கிடைக்காத சொற்களும் உண்டு. கடலுக்குள் மூழ்கிய தட்டை உச்சி எரிமலைகளுக்கு ‘கீயோ’ என்று பெயர். வேரைத் தேடிக் கிரேக்க அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. அது ஆர்னோல்ட் கீயோ என்ற புவியியலாளரின் பெயர், 1946இல் ஹாரி ஹெஸ் சூட்டியது. இத்தகையவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் ‘தட்டையுச்சிக் கடற்குன்று’ என்று ஒரு விளக்கம் கொடுத்தால் வேலை முடிந்தது.